செய்தியில் சொல்லும் "ஒரு மீட்டர் அலை" அலையே இல்லை: பாக்கு விரிகுடாக்காரர்கள் கொஞ்சம் வாருங்கள்

1. அதிரைக்காரன், செவ்வாய் இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். அதிராம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன்.

போன வாரம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்ததே, அன்று டீக்கடை டிவியில் "கடலில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழக்கூடும்" என்று வாசித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மாமா, "ஒரு மீட்டர் அலையா? அது தினம் வர்றதுதானே" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்துபோனார். படகை மேலே இழுக்கவில்லை. இந்த முறை ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் 2018 நவம்பரில் கஜா புயலுக்கும் இதே வாக்கியத்தைத்தான் கேட்டோம். வானிலை மையத்தின் மூல அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் அலை என்றே இல்லை. "வானியல் ஓதத்துக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் புயல் எழுச்சி, நாகை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், காரைக்காலின் தாழ்வான பகுதிகளை மூழ்கடிக்கலாம்" என்ற பொருளில் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

எனக்கு மூன்று கேள்வி. ஒரு மீட்டர் என்றால் எங்கிருந்து ஒரு மீட்டர்? அது எங்கள் தெரு வரைக்கும் வருமா? இதைக் கம்ப்யூட்டரில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், எவ்வளவு நம்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் ஊரில் நாலு பேருக்குச் சொல்வேன்.

2. வலைக்கணக்கு, செவ்வாய் இரவு 10.05

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கடலோரப் பொறியியலில் இந்தக் கணினி மாதிரிகளை (கடல் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் நிரல்களை) ஓட்டுவதுதான் எனக்குப் பல வருடமாக வேலை. முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், மற்றது நாளை.

அலை வரும், போகும். ஐந்து, பத்து விநாடியில் ஏறி இறங்கிவிடும். புயல் எழுச்சி அப்படி இல்லை. கடலின் மட்டமே மணிக்கணக்கில் உயர்ந்து நிற்கும். பாத்திரத்தை அசைத்தால் தண்ணீர் தளும்புகிறதே, அது அலை. இது பாத்திரத்தில் தண்ணீரே கூடிவிட்ட மாதிரி. கூடிய தண்ணீரின் மேலேதான் புயலின் அலைகள் வந்து அடிக்கும்.

ஆக "ஒரு மீட்டர்" என்றால், அந்த நேரத்தில் ஓதம் (கடல் தினமும் ஏறி இறங்குவது) எந்த மட்டத்தில் இருக்குமோ அதற்கு மேல் ஒரு மீட்டர். கரையில் ஒரு மீட்டர் சுவரா எழும்பி நிற்கப் போகிறது என்று நினைக்காதீர்கள், கடலே ஒரு மீட்டர் உயரமான கடலாக மாறுகிறது. உங்கள் பக்கத்தில் தரை ஒரு மீட்டர் உயர்வதற்குச் சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே நடக்க வேண்டும். அவ்வளவு தூரமும் தண்ணீருக்கு வழிதான்.

உங்கள் மாமா மேல் தவறே இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட சொல் தவறு.

3. பாகம், செவ்வாய் இரவு 10.40

நான் நாகைப் பக்கம். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகக் கடல் தொழில். ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். இந்தக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலும் நாங்கள் கடலைப் பார்த்துத்தான் இருந்தோம். நீவாடு (நீரோட்டம்) மாறுவது, தண்ணீரின் நிறம், பறவை கரைக்குள் வருவது, வானத்து மேகம், எல்லாவற்றையும் என் அப்பா படித்துச் சொல்வார். டிவியில் சொல்வதை நம்பி மூன்று நாள் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்து, கடைசியில் புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது என்று எத்தனை தடவை எழுந்து போயிருக்கிறோம்? அந்த மூன்று நாள் கூலியை யார் தருவார்கள்?

4. உப்பளம்_வேதை, செவ்வாய் இரவு 11.31

பாகம் அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கஜா அன்றைக்கு ஆறுகாட்டுத்துறையில் என்ன நடந்தது என்று ஒருமுறை கேளுங்கள். எங்கள் சித்தி வீடு அங்கே.

நவம்பர் 15 ராத்திரி எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நடுநிசிக்கு மேல் காற்று. விடிந்து போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் தண்ணீர் இல்லை, சேறு. கருப்பாக, களி மாதிரி, கடலின் அடியிலிருந்து வாரிக்கொண்டு வந்து கொட்டியது. முட்டியளவு. அடுப்பு, அரிசிப் பானை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அதற்குள். வழித்து வெளியே போட்டால் காய்ந்து ஓடு ஓடாக வெடித்தது. சித்தி வீட்டுச் சுவரில் சேறு நின்ற கோடு ரொம்ப நாள் இருந்தது. வெள்ளை அடித்தும் மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் திரும்பத் தெரியும். உப்பு போகவே இல்லை.

ஃபைபர் படகு ஒன்று உப்பளத்து வரப்பின் மேல் குறுக்கே கிடந்தது. அலை அதை அவ்வளவு தூரம் தூக்கி எறியாது. தண்ணீரே உள்ளே வந்து மிதக்கவிட்டு, வடியும்போது அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வலைக்கணக்கு ஐயா சொன்ன பாத்திரக் கதை எனக்கு உடனே புரிந்தது அதனால்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் சித்தி இன்றைக்கு இல்லை. அண்ணே, நீங்கள் சொன்ன பறவையும் மேகமும் எங்கள் ஊரிலும் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். புயல் வரும் என்று அவர்களும்தான் சொன்னார்கள். கடல் இவ்வளவு தூரம் ஏறும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

5. வலைக்கணக்கு, புதன் காலை 7.20

உப்பளம், எழுதியதற்கு நன்றிம்மா. அந்தச் சுவர்க் கோடு மாதிரி ஒரு அளவுக்கு நாங்கள் தவம் கிடக்கிறோம். கணினி மாதிரி சரியாகச் சொன்னதா என்று சோதிக்க வேறு வழி குறைவு. அடுத்த முறை இப்படிக் கோடு பார்த்தால், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, இடத்தோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இப்போது கணக்கு. தண்ணீரை உயர்த்துவது முக்கியமாக இரண்டு. ஒன்று அழுத்தம். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மேலெழும்பும். ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 30 மில்லிபார் குறைந்தால் 30 சென்டிமீட்டர். இது சின்னப் பங்கு.

பெரிய பங்கு காற்றினுடையது. காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. ஆழமான கடலில் மேலே தள்ளிய தண்ணீர் அடியால் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் திரும்ப வழியில்லை, குவிந்துகொண்டே போகும். மணிக்கு 100 கி.மீ. காற்று, 50 கி.மீ. நீளக் கடல்மேல் விடாமல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 10 மீட்டர் என்றால் கடைசிக் கரையில் மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் உயரும். அதே காற்று, அதே தூரம், ஆழம் மட்டும் 100 மீட்டர் என்றால் 12 சென்டிமீட்டர்தான். கையால் போடக்கூடிய கணக்கு இது. பாக்கு விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் இந்த முதல் வகை. சென்னைக்கு வந்தால் அவ்வளவாக ஏறாத கடல், அதே புயலுக்கு உங்கள் பக்கம் ஏன் ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

கையால் போட முடிவது அவ்வளவுதான். கரை வளைகிறது, ஆழம் மாறுகிறது, புயல் நகர்கிறது, காற்று திசை திரும்புகிறது. இவை எல்லாம் சேரும்போதுதான் கணினி தேவைப்படுகிறது.

கடலை முக்கோண முக்கோணமாக வெட்டி ஒரு வலை பின்னுகிறோம். ஒவ்வொரு முடிச்சிலும் கேட்பது இரண்டே கேள்வி: இங்கே நீர்மட்டம் என்ன, நீரோட்டம் எந்தப் பக்கம் என்ன வேகம். காற்று தள்ளுவது, அழுத்தம் தூக்குவது, அடித்தரை உரசித் தடுப்பது, பூமி சுழல்வதால் ஓட்டம் விலகுவது, பக்கத்து முக்கோணத்திலிருந்து வந்த தண்ணீர், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அடுத்த சில விநாடிக்குப் பிறகு என்ன ஆகும் என்று கணக்கிடும். பிறகு அடுத்த சில விநாடி. இப்படியே மூன்று நாளுக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் ஒரு தள்ளு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது ஆழத்தைப் பொறுத்தது. 3,000 மீட்டர் ஆழக் கடலில் விநாடிக்கு 170 மீட்டர். அந்தத் தள்ளு ஒரு முக்கோணத்தைத் தாண்டுவதற்குள் கணக்கு அடுத்த படிக்குப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் விடை தாறுமாறாகிவிடும். நடுக்கடலிலும் 100 மீட்டர் முக்கோணம் வைத்தால் அரை விநாடிக்கு ஒருமுறை முழு வங்கக் கடலையும் கணக்கிட வேண்டும். முடியாது, புயல் கரையைக் கடந்த பிறகுதான் விடை வரும். அதனால் நடுக்கடலில் 10 கி.மீ. முக்கோணம், கரையருகே 100 மீட்டர் என்று வைக்கிறோம். கரைவலை பார்த்திருக்கிறீர்களே, கை என்கிற ஓரப் பகுதியில் கண் பெரிது, மீன் சேரும் மடிக்கு வர வரக் கண் நெருக்கம். அதே வேலைதான்.

ஹைதராபாதில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் நம் கரைக்கு ஓட்டும் ஆட்சர்க் என்ற மாதிரி இந்த வகை. அதற்கு முன்பே டெல்லி ஐஐடியில் பேராசிரியர் துபே குழுவினர் வங்கக் கடலுக்கென்றே ஒரு மாதிரி எழுதினார்கள். வானிலைத் துறை அதைப் பயன்படுத்துகிறது.

மாதிரிக்குள் போகும் இரண்டு பொருள்தான் என் தலைவலி. ஒன்று ஆழம். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் உலகக் கடலடி வரைபடத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர். முத்துப்பேட்டைப் பக்கத்து வாய்க்கால் எல்லாம் அதைவிடக் குறுகல். அப்படியே எடுத்துப் போட்டால் மாதிரியில் வாய்க்கால் இருக்காது, அங்கே சுவர்தான் இருக்கும். ஆழம் 10 மீட்டர் உள்ள இடத்தில் வரைபடம் 2 மீட்டர் தவறாகச் சொன்னால் எழுச்சியில் ஐந்தில் ஒரு பங்கு தவறிவிடும். இரண்டாவது, காற்று. அதைப் பற்றி பாகம் அண்ணன் கேள்விக்குச் சொல்லும்போது சொல்கிறேன்.

6. தீவகத்தான், புதன் காலை 11.02

வணக்கம், நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். நாங்களும் உங்கள் கடலின் மற்றக் கரைதான், ஆகவே நானும் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆழத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காற்றுத் திரும்புவதைப் பற்றியும் எழுதவேண்டும். இந்தக் கடலில் சனம் ஏமாறுவது அதில்தான். புயல் என்பது இடஞ்சுழியாகச் சுழலும் காற்று. அது அதிராம்பட்டினத்துக்குச் சற்று வடக்காகக் கரை கடக்கிறது என்று வையுங்கள், கஜா மாதிரி. முதலில் புயல் கிழக்கே நிற்கும்போது உங்களுக்கு வாடை (வடக்குக் காற்று) அடிக்கும். பிறகு கச்சான் (மேற்குக் காற்று). இரண்டும் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. கடல் வற்றும், சேற்றுத்தரை தெரியும். புயல் மேற்கே போனதும் சோழகம் (தெற்குக் காற்று) எழும்பும். உங்கள் கரை தெற்கைப் பார்த்த கரை. அப்போதுதான் விரிகுடாவின் தண்ணீர் முழுக்க உங்கள் பக்கம் வரும்.

எங்களுடைய அப்பு சொல்லுவார், "காத்து விட்டிட்டுது எண்டு வெளியில போகாத, சோழகம் வந்தால்தான் கடல் வரும்" என்று. அவர் 1964 டிசம்பர் புயலைக் கண்டவர். அது திருகோணமலைப் பக்கமாக வந்து வவுனியாவைக் கடந்து மன்னாரில் இறங்கி, 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அடித்தது. ஒரு ரயிலே சனத்தோடு கடலுக்குள் போனது. மூன்று தொடக்கம் ஐந்து மீற்றர் வரை கடல் ஏறியது என்று பதிவு இருக்கிறது. தனுஷ்கோடி பிறகு ஊராகவே எழும்பவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் திருத்தினார்கள் என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம், அது பெருமைதான். எழுச்சி வரும் என்று சொல்ல அன்றைக்கு ஒருவரிடமும் ஒரு கணக்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

7. சொல்லாய்வு, புதன் பிற்பகல் 2.47

நான் தமிழ் ஆசிரியை. கணக்கு எனக்குத் தெரியாது, சொல் தெரியும். இந்த இழையில் இதுவரை புயல் எழுச்சி, ஓதம், கடல் ஏறுவது, கடல் வருவது என்று நான்கு சொல் வந்துவிட்டன. செய்தியில் வருவது "அலை", "கடல் சீற்றம்", "கொந்தளிப்பு". மூன்றுமே வேறு பொருள். சீற்றம் என்றால் கடல் கோபமாக இருக்கிறது, கரையில் நின்று பார்க்கலாம் என்றுதான் மனதில் படும். கடல் வீட்டுக்குள் வரும் என்று படாது.

இது சொல்லாராய்ச்சி செய்பவர்கள் மட்டும் கவலைப்படுகிற விஷயம் இல்லை. 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸில் ஹையான் புயல் வந்தபோது டாக்லோபான் நகரத்துக்கு எச்சரிக்கை போனது. அதில் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்திருந்தார்கள். "சுனாமி வருகிறது என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்" என்று பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அந்தப் புயலில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எவ்வளவு ஏறும் என்ற எண் சரியாக இருந்து என்ன பயன், சொல் போய்ச் சேரவில்லையே.

என் மாணவர்களில் பாதிப் பேர் மீனவக் குடும்பம். இன்று வகுப்பில் கேட்டேன். ஒரு பெண் உடனே சொன்னாள்: "கடல் ஏறுது டீச்சர், அவ்வளவுதான்." "கடலேற்றம்" என்று வைத்தால் என்ன? "கடல் ஒரு மீட்டர் ஏறும்" என்று வாசித்தால் அதிரைக்காரனின் மாமா கிளாஸை வைத்துவிட்டுப் படகிடம் ஓடியிருப்பார்.

8. குமரிக்கடல், புதன் மாலை 6.15

கடலேற்றம் நல்ல சொல் டீச்சர். எங்கள் பக்கம் இன்னொரு சொல் இருக்கிறது: கள்ளக்கடல். அதையும் இதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

புயலே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் கரைமேல் ஏறும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயற்காற்றில் பிறந்த நீண்ட அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. 2024 மே மாதம் எங்கள் மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இதில் போய்விட்டார்கள். எச்சரிக்கை அன்றைக்கு இருந்தது.

அதற்கும் இப்போது மாதிரி ஓட்டி முன்கூட்டியே சொல்கிறார்கள். அலை பிறந்த இடம் தெரிந்தால் எப்போது வந்து சேரும் என்பது நன்றாகவே கணக்கில் வருகிறது. ஆனால் வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லும் தெரியாது, எச்சரிக்கையும் தெரியாது. கரையில் ஒரு சிவப்புக் கொடியாவது நட்டிருக்கலாம் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

9. பாகம், புதன் இரவு 9.50

தீவகத்தான் அண்ணன் சொன்ன சோழகக் கணக்கு எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் நாகைக்குக் கொண்டல்தான் (கிழக்குக் காற்று) கடலை ஏற்றும், எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது. பார்த்தீர்களா, ஐம்பது கிலோமீட்டருக்குள் கரைக்குக் கரை கணக்கு மாறுகிறது.

உப்பளம் தங்கச்சி சொன்னதை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவுக்குக் காற்று தெரியும், கடல் தெரியும், ஆனால் "இத்தனை அடி ஏறும்" என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அது உண்மைதான்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. சொன்ன இடத்தில் வராமல் வேறு இடத்தில் வருவது ஏன்?

10. வலைக்கணக்கு, புதன் இரவு 11.18

அண்ணே, உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் முதல் பத்தியிலேயே இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர்.

நாகையிலிருந்து கோடிக்கரை 50 கி.மீ. சொச்சம். புயல் எங்கே போகும் என்று 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்வதில் சராசரிப் பிழையே இப்போது 70, 80 கி.மீ. அளவில் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் இருந்ததில் இது ஏறக்குறைய பாதி, அந்த வகையில் பெரிய முன்னேற்றம். ஆனால் கடலேற்றத்துக்கு இது போதாது. பாதை 50 கி.மீ. தெற்கே விலகினால் கோடிக்கரைக்குக் கீழே கடலுக்குத் தள்ள வேண்டிய காற்று கரைக்குத் தள்ளும். வடக்கே விலகினால், கூடும் என்று சொன்ன இடத்தில் கடல் வற்றும். நீர்க் கணக்கில் தவறே இருக்காது, காற்றை வேறு இடத்தில் வைத்துக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

அதனால் ஒரே பாதையை வைத்து ஒரே எண் சொல்வது சரியில்லை என்பது என் கட்சி. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பாதைகளை ஓட்டிப் பார்த்து, "இந்தத் தெருவில் தரைக்கு மேல் இவ்வளவு தண்ணீர் நிற்க இத்தனை வாய்ப்பு" என்று வரைபடம் போடுகிறார்கள். 2010இல் அங்கே இன்னொன்றும் செய்தார்கள். புயல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுப்பார்களே, அந்த அட்டவணையிலிருந்து கடலேற்ற உயரத்தையே எடுத்துவிட்டார்கள். 2008இல் ஐக் என்ற புயல் இரண்டாம் எண்தான், ஆனால் பரப்பு பெரிது. டெக்சாஸில் கடல் நான்கரை மீட்டருக்கு மேல் ஏறியது. காற்றின் வேகத்தை மட்டும் கேட்டு "சின்னப் புயல்தான்" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த மாற்றம். நம் ஊரிலும் புயலின் பெயரையும் காற்றின் வேகத்தையும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

மூன்று நாள் கூலி பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. கேள்வி நியாயமானது. எச்சரிக்கையைக் கேட்டுக் கரையில் நின்றவனுக்கு ஏதாவது தர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். தராவிட்டால் நான்காவது தடவை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதிரைக்காரன் தம்பிக்கு, "எங்கள் தெருவுக்கு வருமா" என்ற கேள்வி. மாதிரி சொல்வது கடலின் மட்டம். உங்கள் தெருவின் மட்டம் தெரிந்தால்தான் மீதிக் கணக்கு. செயற்கைக்கோள் எடுத்த உயர வரைபடங்கள் உங்கள் பகுதிக்கு நம்பகமில்லை. தென்னந்தோப்பைப் பார்த்து மேடு என்று சொல்லிவிடும், இரண்டு மூன்று மீட்டர் கூட. இன்னொரு குழப்பமும் உண்டு. ஓத அட்டவணையில் உள்ள எண் துறைமுக வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து எண்ணுவது, அதாவது ஏறக்குறைய கடல் மிகக் கீழே இறங்கும் மட்டத்திலிருந்து. நில வரைபடம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எண்ணும். சென்னையில் இரண்டுக்கும் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். இரண்டையும் அப்படியே கூட்டிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். மொத்தமே ஒரு மீட்டர் என்று பேசும் இடத்தில் அரை மீட்டர் தவறு.

நம் கிழக்குக் கரையில் வருடம் முழுக்க சராசரி மட்டம் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. நவம்பர் வாக்கில் இருபது, முப்பது சென்டிமீட்டர் தானாகவே உயர்ந்து நிற்கும். வடக்கிலிருந்து கரையோரமாக வரும் நீரோட்டம் அப்போது கரைப் பக்கம் தண்ணீரைச் சேர்க்கிறது. புயல் மாதமும் அதே மாதம்.

அலையாத்திக்காடு காப்பாற்றாதா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அலையை நன்றாக ஆற்றும், பெயரே அதுதான். மெதுவாக ஏறும் கடல் மட்டத்தைக் குறைக்கக் காடு கிலோமீட்டர் கணக்கில் அகலமாக இருக்க வேண்டும். முத்துப்பேட்டையில் அவ்வளவு அகலம் உண்டு. மற்ற இடங்களில் கரையோரம் நாலு வரிசை நட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

11. தேம்ஸ்_ஓரம், வியாழன் காலை 5.33

லண்டனிலிருந்து. நான் இங்கே தேம்ஸ் ஆற்றோரத்தில்தான் வேலைக்குப் போகிறேன், தடுப்பணையை மூடும் நாட்களில் கரையில் நின்று பார்ப்பேன். 1953 ஜனவரி 31 ராத்திரி வட கடல் ஏறி நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தில் 307 பேரும் இறந்தார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு கட்டியதுதான் இந்த அணை. இங்கே ஒரு வசதி, ஏறின கடல் ஸ்காட்லாந்தில் தொடங்கிக் கரையோரமாகத் தெற்கே இறங்க மணிக்கணக்கு ஆகும். வழியில் இருக்கும் ஓதமானிகள் (கடல் மட்டத்தை அளக்கும் கருவிகள்) ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். மாதிரி தவறினால் திருத்த நேரம் இருக்கிறது. பாக்கு விரிகுடாவில் அப்படி முன்னால் நின்று சொல்ல யாரும் இல்லை. யாழ்ப்பாணக் கரையிலும் ராமேஸ்வரக் கரையிலும் நான்கைந்து ஓதமானி வைத்து, இரண்டு நாடும் அளவைப் பகிர்ந்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

12. தீவகத்தான், வியாழன் காலை 8.10

இதற்கு என் இரண்டு கையையும் தூக்குகிறேன். புரெவிப் புயல் 2020 டிசம்பரில் முல்லைத்தீவுப் பக்கமாக எங்களுக்குள்ளால் வந்து, பிறகு மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்குக் கிட்ட அசையாமல் நின்றது. எங்களைக் கடந்தபோது எடுத்த அளவெல்லாம் உங்களுக்கு அரை நாள் முன்னறிவிப்பு.

13. அதிரைக்காரன், சனி இரவு 8.44

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளாக எழுதவில்லை, ஏனென்றால் வேலையில் இறங்கிவிட்டோம்.

வலைக்கணக்கு அண்ணன் "தெருவின் மட்டம் தெரிந்தால்தான்" என்று சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் காக்காவிடம் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) மட்டக்குழாய் இருந்தது. கட்டடத்துக்கு மட்டம் பார்க்கும் அதே ரப்பர் குழாய்தான், இருபது மீட்டர் நீளம், உள்ளே தண்ணீர், குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். கடல் ஏறி நின்ற கோட்டில் ஒரு கம்பு நட்டு, அங்கிருந்து குழாயை இருபது இருபது மீட்டராக நகர்த்தி ஊருக்குள் கொண்டுவந்தோம். ஒரு முனையில் காக்கா, மறு முனையில் நான், நோட்டில் எழுத அக்கா மகள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏற்றமா இறக்கமா என்று எழுத வேண்டும். ஒருதடவை குமிழி நுழைந்து மொத்தமும் தப்பாகி, திரும்பக் கம்பிலிருந்து ஆரம்பித்தோம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து அஸருக்கு (பிற்பகல் தொழுகை நேரம்) முடிந்தது.

கம்புக் கோட்டுக்கு மேல்: மீன் ஏலக்கூடத்துத் தரை 55 சென்டிமீட்டர். எங்கள் தெரு முனை 80. எங்கள் வீட்டு வாசல்படி 95. பள்ளிவாசல் மேல்படி ஒரு மீட்டர் 60. பள்ளிக்கூடத்து வராண்டா ஒரு மீட்டர் 85.

மாமாவை வாசல்படியில் உட்காரவைத்துச் சொன்னேன், "கடல் ஒரு மீட்டர் ஏறும் என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் தண்ணீர்." கொஞ்ச நேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஏலக்கூடத்துத் தூணில் பெயின்ட் அடிச்சுக் கோடு போட்டுருவோம்" என்றார். நாளைக்குப் போடுகிறோம். ஒரு மீட்டருக்குச் சிவப்பு, ஒன்றரைக்குக் கருப்பு. பக்கத்தில் "கடலேற்றம்" என்று எழுதுகிறோம் டீச்சர்.

14. வலைக்கணக்கு, சனி இரவு 9.02

தம்பி, இதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெயின்ட் அடிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி. கம்பு நட்ட நாளில் கடல் ஏறி நின்றது எந்த ஏற்றம்? அமாவாசை ஏற்றமா (அதிகம் ஏறும்), அட்டமி ஏற்றமா (குறைவாக ஏறும்)? கஜா தீபாவளி அமாவாசைக்கு எட்டு ஒன்பது நாள் கழித்து, ஓதம் மந்தமாக இருந்தபோது வந்தது. அமாவாசைக்கு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

15. அதிரைக்காரன், சனி இரவு 9.20

அட்டமி அண்ணே. அப்படியென்றால் உண்மையான உச்சம் இதைவிட மேலே, எங்கள் படி 95கூட இல்லை. சரி, பெயின்டை ஒரு வாரம் தள்ளிவைக்கிறோம். அமாவாசைக்கு மறுநாள் அதே கம்பில் திரும்ப அளந்துவிட்டு எழுதுகிறேன். தெருவை மறுபடி அளக்க வேண்டாம் இல்லையா, கம்பில் எவ்வளவு கூடுதலாக ஏறுகிறதோ அதை எல்லா எண்ணிலிருந்தும் கழித்தால் போதும்?

16. வலைக்கணக்கு, சனி இரவு 9.26

போதும். கழித்துவிட்டு எண்களை இங்கேயே போடுங்கள். முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து ஆட்கள் யாராவது மட்டக்குழாயோடு இருந்தால் அதே நாள் அளந்து போடுங்கள்.